ஆபாவின் நிலம் யாருடையது?

ஆபா குடியிருக்கும் மனை அவருடையது அல்ல. மனைவி எமாவுக்குத் தாய்வழியில் வந்தது. அவர் உழுகிற நெல்வயல் அவர்கள் வாங்கியதுதான், ஆனால் ஒத்தியில் கிடக்கிறது. மேட்டில் பைன் மரங்களுக்கு அடியில் அவர் நட்ட காப்பிச் செடிகள் அவருடையவை. அவை நிற்கும் மண் அரசு வனக் கழகத்துக்குச் சொந்தம். கொட்டிலில் நிற்கும் பெட்டைச் செம்மறி பக்கத்து வீட்டு ஹாஜியாருடையது. அது போடும் குட்டிகளில் பாதி ஆபாவுக்கு. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்துதான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

மேற்கு ஜாவாவில் காருட் நகரிலிருந்து சிகாஜாங்குக்கு ஏறும் சாலையை விட்டுப் பிரிந்து, சிகுரை மலையின் சரிவில் இருக்கிறது அந்தச் சிற்றூர். சிகுரை 2,821 மீட்டர் உயரமுள்ள எரிமலை. எதிர்ப்பக்கம் பாபண்டாயன். 1772இல் பாபண்டாயன் வெடித்துச் சரிந்தபோது நாற்பது ஊர்கள் அழிந்தன, மூவாயிரம் பேர் வரை மாண்டார்கள். எரிமலைகள் கொட்டிய அந்தக் கறுப்பு மண்ணில்தான் இன்று உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் விளைகின்றன. இங்கே வாழ்பவர்கள் சுண்டா மக்கள். இந்தோனேசியாவில் ஜாவானியருக்கு அடுத்த பெரிய இனம் அவர்கள். மொழியும் வேறு, சாப்பாடும் வேறு.

என் மகள் பண்டுங்கில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் பெண்ணின் பெற்றோர்தான் ஆபாவும் எமாவும். ஆபா, எமா என்றால் அப்பா, அம்மா; ஊரே அவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஊருக்குப் போனாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. அது தெரிந்தால் அந்த ஊரில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும். எனக்குச் சுண்டா மொழி தெரியாது. மகளின் தோழிதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

வீட்டின் முன்பாதி இப்போது சிமெண்டுச் சுவர். பின்பாதி இன்னும் பழையபடி, தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளமும் மூங்கில் தட்டிச் சுவரும். வாசலில் ஒரு மீன்குளம். ஓடைத் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக அதில் விழுந்து, நிரம்பி, கீழ் வீட்டுக் குளத்துக்குப் போகிறது. குளத்தைச் சுற்றி எமாவின் தோட்டம். தோட்டம் என்றால் பாத்தி கட்டிய தோட்டம் அல்ல. உயரத்தில் பலா, அதன் கீழே வாழை, அதற்கும் கீழே மிளகாய், இஞ்சி, தரையில் வல்லாரை. மணத்தக்காளிச் செடிகளும் உண்டு. நாம் வற்றல் போடும் அந்தக் காயை அவர்கள் பச்சையாகவே பறித்து, அம்மியில் அரைத்த மிளகாய்த் துவையலோடு கடித்துக்கொள்கிறார்கள். வல்லாரையும் அப்படியே. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கடையில் வாங்கியது உப்பும் எண்ணெயும் கருவாடும்தான்.

அடுக்களைக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு சிறு அறை. 'கோவா' என்கிறார்கள். அரிசி அங்கேதான் இருக்கும். பழைய வழக்கப்படி ஆண்கள் அதற்குள் போகக்கூடாது. நான் பெண் என்பதால் எமா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மூலையில் அரிசிப் பானை, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் தட்டு, நெல் தெய்வம் நியி பொஹாச்சிக்கு என்று ஒரு கதிர்க்கட்டு. ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம் குடும்பம் அது. அந்தக் கதிர்க்கட்டால் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. இன்று எவ்வளவு அரிசி எடுப்பது, எவ்வளவு கடன் கொடுப்பது என்பதெல்லாம் எமாவின் முடிவு. ஆபா கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெண்ணின் கையில் அரிசி மட்டுமல்ல, மனையும் இருந்தது. வசதி குறைந்த ஆண், வசதியுள்ள பெண்ணை மணந்து அவள் வீட்டில் வந்து தங்குவதற்குச் சுண்டா வழக்காற்றுச் சட்டத்தில் 'நியாலிண்டுங் காகெலுங்' என்று தனி வகையே உண்டு. ஆபா அப்படி வந்தவர்தான். அதில் அவருக்குக் குறைச்சல் எதுவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கல்யாணத்துக்கு முன் அவரவர்க்கு வந்தது அவரவருடையது. கல்யாணத்துக்குப் பின் சேர்த்தது இருவருக்கும் பொது. இந்தப் பொதுச் சொத்தை 'குணா காயா' என்கிறார்கள். மணம் முறிந்தால் அதைப் பிரிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும் இதையே நாடு முழுவதற்கும் எழுதிவைத்தது: மணவாழ்க்கையில் சம்பாதித்தது கூட்டுச் சொத்து, ஒருவர் மற்றவர் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. வாரிசு விஷயத்தில் இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் இந்தப் பகுதிக் குடும்பங்கள் பல, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மகன் மகள் இருவருக்கும் சரிசமமாகத் தானமாகக் கொடுத்துவிடுகின்றன. எமாவின் மனை அப்படி வந்தது.

இனி நெல்வயலுக்கு வருகிறேன். அது நூறு தும்பாக். ஒரு தும்பாக் என்பது 14 சதுர மீட்டர். நூறு தும்பாக் நம் கணக்கில் முப்பத்தைந்து சென்ட் வரும். இளைய மகனின் படிப்புக்காக ஒன்றுவிட்ட அண்ணனிடம் அந்த வயலை ஒத்தி வைத்தார்கள். ஒத்திப்பணம் ரூபியாவில் அல்ல, தங்கத்தில். வாங்கியது இத்தனை கிராம், திருப்ப வேண்டியதும் அத்தனை கிராம். தங்கம் விலை ஏற ஏற வயல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இப்போது அதே வயலை ஆபாவே வாரத்துக்கு உழுகிறார். விளைச்சலில் பாதி அண்ணனுக்கு. தன் வயலிலேயே வாரக்குடி.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1960இல் அதிபர் சுகர்னோ காலத்தில் கொண்டுவந்த 56ஆம் எண் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் ஒத்தியில் இருந்த வேளாண் நிலத்தைப் பணம் எதுவும் வாங்காமல் உரியவரிடம் திருப்பித்தர வேண்டும் என்கிறது. அத்தனை ஆண்டு விளைச்சலில் கொடுத்த பணம் திரும்பிவிட்டது என்பது அதன் கணக்கு. ஆபாவின் ஒத்தி ஏழு ஆண்டைத் தாண்டிவிட்டது. கேட்கலாமே என்றேன்.

"அவசரத்துக்குக் கொடுத்தவர் அவர். தங்கத்தைத் திருப்பாமல் வயலைக் கொடு என்று கேட்க எனக்கு எப்படி வாய் வரும், அம்மா?"

சட்டம் சரியானதுதான். ஆனால் அந்த மகனின் படிப்புக்கு வேறு யாரும் கடன் தரவில்லை. கேட்டவுடன் கொடுத்தவர் அந்த அண்ணன். அவசரக் கடனுக்கு நியாயமான வழி ஒன்றைக் கிராமத்துக்குள் திறந்துவைக்காமல் ஒத்தியை மட்டும் சட்டத்தால் அறுக்க முடியாது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒத்தி நடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. அதே சட்டம் ஒவ்வொரு உழவர் குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர் கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் சொன்னது. ஜாவாவில் இன்று பெரும்பாலான உழவர் குடும்பங்களுக்கு அரை ஹெக்டேர்கூட இல்லை.

இந்தச் சின்ன உடைமையாளர் இந்தோனேசிய அரசியலில் பெரிய இடம் பிடித்தவர். 1920களில் பண்டுங் தொழில்நுட்பக் கல்லூரி மாணவராக இருந்த சுகர்னோ, நகருக்குத் தெற்கே சைக்கிளில் போனபோது ஒரு சுண்டா உழவரைச் சந்தித்ததாகப் பின்னாளில் சொன்னார். வயல் யாருடையது, மண்வெட்டி யாருடையது, விளைச்சல் யாருக்கு, குடிசை யாருடையது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் என்னுடையது என்றே பதில். கூலிக்கும் போகவில்லை, யாரையும் கூலிக்கு வைக்கவும் இல்லை. ஆனாலும் பரம ஏழை. மார்க்ஸ் சொன்ன பாட்டாளி அல்ல இவர், எல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் ஏழை என்று சுகர்னோ முடிவுக்கு வந்தார். அந்த உழவரின் பெயர் மர்ஹேன். சுகர்னோவின் கொள்கைக்கே மர்ஹேனியம் என்று பெயராயிற்று.

மேட்டுக் காப்பிக்கு இன்னும் நீண்ட கதை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பிரியாங்கான் மலைநாட்டு மக்களைக் காப்பி பயிரிட வைத்தது. விலையைக் கம்பெனியே வைத்தது, வேறு யாருக்கும் விற்கக்கூடாது. உள்ளூர்க் குறுநிலத் தலைவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு மக்களை வேலைக்கு ஓட்டினார்கள். நூறாண்டுக்கு மேல் நடந்த கொடுமை அது. பிறகு 1870இல் வேளாண் சட்டம் வந்தது. உரிமையை மெய்ப்பிக்க முடியாத நிலமெல்லாம் அரசுடையது என்று அறிவித்து, அதைத் தோட்ட முதலாளிகளுக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். மக்கள் தரிசாக விட்டு மாற்றி மாற்றிப் பயிர்செய்த மேட்டு நிலங்களுக்கு எந்தத் தாளும் கிடையாது. அதனால் அவை தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் போயின. மீதி அரசுக் காடாயிற்று. 1957, 58இல் டச்சுத் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, உழவருக்குக் கொடுக்கவில்லை. காடு பெர்ஹுத்தானி என்ற அரசு வனக் கழகத்தின் கையில் இருக்கிறது. அதனுடன் ஒப்பந்தம் போட்டு, விளைச்சலில் அதற்கும் ஒரு பங்கு கொடுத்துத்தான் ஆபா பைன் மரத்தடியில் காப்பி வைத்திருக்கிறார். அவர் பாட்டன் காலத்தில் அந்தச் சரிவு ஊருக்குப் பொதுவாக இருந்தது என்கிறார். அதற்கு எழுத்து எதுவும் இல்லை.

எழுத்தில்லாத உரிமைகள்தான் இந்த ஊரில் ஏழைகளைக் காத்தவை. மூங்கில் தோப்பு ஒருவருடையதாக இருக்கும்; அதில் காய்ந்து விழும் சுள்ளியை யாரும் பொறுக்கலாம். முன்பு நெல் அறுப்பன்று எதெம் என்ற சிறு கத்தியோடு யார் வந்தாலும் வயலில் இறங்கலாம், கதிர் கதிராகக் கொய்து பங்கு வாங்கிப் போகலாம். 1970களில் குட்டை நெல் ரகங்களும் அரிவாளும் வந்தன. ஆள் குறைவாகப் போதும் என்றாயிற்று. மேற்கு ஜாவாவின் பல ஊர்களில், சம்பளம் வாங்காமல் களை எடுத்தவருக்குத்தான் அறுப்பு என்ற புதிய கட்டுப்பாடும் வந்தது. நிலமில்லாத பெண்களுக்கு இதனால் எத்தனை மூட்டை நெல் போயிற்று என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எமா இன்றும் தன் தோப்பில் சுள்ளி பொறுக்குகிறவர்களை ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வழக்கங்களை இன்னும் முழுதாக வைத்திருப்பவர்கள் மேற்கே ஹாலிமுன் மலையில் இருக்கும் கசெப்புஹான் சுண்டா சமூகங்கள். அவற்றில் ஒன்றான சிப்தகெலாரில் ஆண்டுக்கு ஒரு போகம்தான், நெல்லை விற்கக்கூடாது, எல்லாம் குதிருக்குப் போக வேண்டும். 2013 மே மாதம் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், வழக்காற்று உரிமையுள்ள காடு அரசுக் காடு அல்ல என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் கசெப்புஹான் காராங் சமூகத்துக்கு 486 ஹெக்டேர் காட்டை அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ ஒப்படைத்தார். ஆனால் ஆபாவின் ஊர் சாதாரண உழவர் ஊர். அங்கே அந்த வழி இல்லை.

ஊர் அலுவலகத்தில் 'லெட்டர் சி' என்ற தடித்த பதிவேட்டைக் காட்டினார்கள். பார்த்ததும் எனக்கு நம் பழைய அ-பதிவேடு நினைவுக்கு வந்தது. எமாவின் மனை இறந்துபோன பாட்டியின் பெயரில் இருக்கிறது. உட்பிரிவும் ஆகவில்லை, பெயர் மாற்றமும் ஆகவில்லை. கையில் இருப்பது வரி கட்டிய பழைய சீட்டு. வரிச் சீட்டு உரிமைப் பத்திரம் ஆகாது. 2017 முதல் அரசு ஊர் ஊராக அளந்து சான்றிதழ் கொடுக்கிறது. 2021இல் வந்த 18ஆம் எண் விதிகளின்படி, பழைய வழக்காற்று உரிமைத் தாள்களை ஐந்து ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு அவை உரிமைக்குச் சான்றாகாது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரை.

பதிவு வேண்டியதுதான். 1870இல் தாள் இல்லாததால் இந்த மக்கள் இழந்ததை நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் அளக்க வருகிறவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, பெரும்பாலும் கணவர் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். தாய்வழி மனையில் மருமகனாக வந்தவர் பெயரில் சான்றிதழ் ஆகும். நாளை அதை அடகு வைக்க அவர் கையெழுத்துப் போதும் என்று ஆகும். நான் வேலை பார்த்த காலத்தில் நம் ஊரிலும் இப்படிப் பெண்கள் நிலத்தை இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மற்றொரு ஆபத்து, சான்றிதழ் ஆன நிலம் நகரத்துக்காரர் கைக்கு எளிதில் போகும். வேளாண் நிலத்தை வேறு வட்டத்தில் குடியிருப்பவர் வைத்திருக்கக்கூடாது என்று 1961இலிருந்தே விதி இருக்கிறது. அப்படியும் பண்டுங்காரர்கள் வேறு ஆள் பெயரில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சான்றிதழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை எழுத இந்தோனேசிய விதிகள் இடம் தருகின்றன. மனை எமாவின் பெயரிலும், வயல் இருவர் பெயரிலும் இருப்பதுதான் அந்த ஊர் வழக்கத்துக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பொருந்தும். கிளம்பும் முன் இதைத் தோழியிடம் விளக்கி, விண்ணப்பத்தில் அப்படியே எழுதச் சொன்னேன். ஆபா மறுக்கவில்லை. அளவையாளர்கள் வரும்போது எமாவும் வயலில் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.