சுற்றுலாப் பேருந்து உரிமமும் குடியிருப்போர் உரிமையும்: நியூயார்க் நகரின் அனுபவம்

நகரச் சுற்றுலாப் பேருந்து என்பது ஒரு நகரின் முக்கிய இடங்களைப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் கட்டணம் பெற்று இயக்கப்படும் பேருந்து ஆகும். மேல்தளம் திறந்த இரட்டை அடுக்குப் பேருந்துகள் இவற்றில் பரவலாக அறியப்பட்டவை. ஒருமுறை சீட்டு வாங்கிய பயணி, விரும்பிய நிறுத்தத்தில் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். உலகின் பல பெருநகரங்களில் இச்சேவை உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதற்கு விரிவான உரிம விதிகளை வகுத்துள்ள நகரங்களுள் ஒன்று. அந்த விதிகள் எவ்வாறு உருவாயின, அவற்றில் அங்கு வாழும் மக்களின் புகார்களுக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கலிபோர்னியா மாநிலத்தின் அனுபவமும் தரப்பட்டுள்ளது.

தனி உரிமம் எதற்கு?

வழக்கமான நகரப் பேருந்து அந்த ஊர் மக்களுக்காக ஓடுவது. அதனால் இரைச்சலும் நெரிசலும் ஏற்பட்டாலும், அதே மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் செல்ல அது உதவுகிறது. சுற்றுலாப் பேருந்தின் நிலை வேறு. அதில் ஏறுவோர் வெளியூர்க்காரர்கள், வருமானம் நிறுவனத்திற்கு, புகையும் சத்தமும் அந்தத் தெருவில் வாழ்பவர்களுக்கு. சுற்றுலாவால் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நகரின் வரி வருவாய்க்கும் நன்மை உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த நன்மை நகரம் முழுவதும் பரவுகிறது, தொல்லையோ பேருந்து செல்லும் சில தெருக்களில் மட்டும் குவிகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு தெரு வழியே 4 நிறுவனங்கள் தலா 15 நிமிடத்திற்கு ஒரு பேருந்தை விடுவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 16 பேருந்துகள். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை 144 பேருந்துகள். பயணி அந்தத் தெருவை ஒரே ஒரு முறை பார்க்கிறார். முதல் மாடியில் குடியிருப்பவரோ, ஒலிபெருக்கியில் ஒரே விளக்கத்தை நாளொன்றுக்கு 144 முறை கேட்கிறார். எந்த ஒரு நிறுவனமும் தனியாகப் பெரிய தவறு எதையும் செய்யவில்லை. ஆனாலும் தெருவில் வாழ முடியாத நிலை வந்துவிடுகிறது. இத்தகைய இடத்தில்தான் நகர நிர்வாகத்தின் உரிமம் தேவைப்படுகிறது.

உரிமம் வழங்குவோர் யார்?

நியூயார்க்கில் ஒரே அலுவலகம் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. பொறுப்புகள் பின்வருமாறு பிரிந்துள்ளன.

1. தொழில் உரிமம்: நகரின் நுகர்வோர் துறை இதை வழங்குகிறது. அத்துறைக்கு இப்போது நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறை என்று பெயர். இயக்கப்படும் பேருந்துகள் ஒவ்வொன்றும் இந்த உரிமத்திற்குள் வர வேண்டும்.

2. நிறுத்தங்கள்: எந்தத் தெருவில், எந்த இடத்தில் பேருந்து நின்று ஆட்களை ஏற்றி இறக்கலாம் என்பதற்கு நகரப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவை.

3. வாகனத்தின் தகுதி: பேருந்தின் இயந்திரம், தடை, சக்கரம் போன்றவற்றை மாநிலப் போக்குவரத்துத் துறை 6 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கிறது.

4. வழிகாட்டிகள்: நகரைப் பற்றி விளக்கிச் சொல்லும் வழிகாட்டிக்குத் தனி உரிமம் உண்டு. அதற்கு 150 வினாக்கள் கொண்ட தேர்வு நடத்தப்படுகிறது.

5. சீட்டு விற்போர்: நடைபாதையில் வழிப்போக்கர்களை மறித்துச் சுற்றுலாச் சீட்டு விற்போர் பற்றிய புகார்கள் பெருகியதை அடுத்து, 2016-ல் அவர்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கப்பட்டது.

குடியிருப்போரின் குரல் முதலில் ஒலிக்கும் இடம் சமுதாயக் குழு ஆகும். நியூயார்க் நகரம் 59 சமுதாய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு குழு உள்ளது. இக்குழுக்களுக்கு ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டுமே உண்டு. எதையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. இருப்பினும், அங்குத் திரும்பத் திரும்பப் பேசப்படும் புகார், நகரவை உறுப்பினரின் காதுக்குப் போய்ச் சட்டமாக மாறுவது உண்டு.

புகாரிலிருந்து நிபந்தனை வரை

இன்றைய விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குறிப்பான தொல்லை இருப்பது தெரியும்.

புகை: பழைய டீசல் பேருந்துகளின் கரும்புகை முதல் தொல்லை. 2005-ல் நகரவை இயற்றிய 41-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், சுற்றுலாப் பேருந்துகள் கந்தகம் மிகக் குறைந்த டீசலைப் பயன்படுத்த வேண்டும் என்றும், பழைய இயந்திரங்களில் புகையைக் குறைக்கும் சிறந்த கருவியைப் பொருத்த வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கும் இதுபோன்ற சட்டம் வந்தது.

நின்றபடி இயந்திரத்தை ஓடவிடுதல்: பயணிகளுக்காகக் காத்திருக்கும் பேருந்து இயந்திரத்தை அணைக்காமல் நிற்பது மற்றொரு புகார். நியூயார்க்கில் எந்த வாகனமும் நின்ற இடத்தில் 3 நிமிடத்திற்கு மேல் இயந்திரத்தை ஓடவிடக் கூடாது. பள்ளிக்கு அருகில் இந்த வரம்பு 1 நிமிடம். விதி நெடுங்காலமாக இருந்தும் அதைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் இல்லை. 2018-ல் வந்த சட்டத்தின்படி, லாரியோ பேருந்தோ இவ்வாறு நிற்பதைப் பொதுமக்களே காணொளியாகப் பதிவு செய்து புகார் அளிக்கலாம். அபராதம் வசூலானால் அதில் 25 விழுக்காடு புகார் அளித்தவருக்குக் கிடைக்கும். எனவே பலர் கைப்பேசியுடன் தெருவில் இறங்கிக் கண்காணிக்கத் தொடங்கினர்.

இரைச்சல்: திறந்த மேல்தளத்தில் ஒலிபெருக்கி வைத்து வழிகாட்டி பேசும்போது, அந்த ஒலி முதல் மாடி, இரண்டாம் மாடி வீடுகளின் சன்னலுக்கு நேராகப் போகிறது. கிரீனிச் வில்லேஜ் போன்ற குறுகிய பழைய தெருக்களில் இது தாங்க முடியாததாக இருந்தது. 2010-ல் இயற்றப்பட்ட சட்டம் ஒலிபெருக்கிக்கு மாற்றாக, பயணியின் காதில் மட்டும் கேட்கும் ஹெட்போன் முறைக்குப் படிப்படியாக மாற வேண்டும் என்றது. பேருந்துகள் ஓடுவது நிற்கவில்லை. பயணிக்கும் விளக்கம் கிடைத்தது. வீட்டில் இருப்பவருக்கும் அமைதி கிடைத்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஹெட்போன் வந்துவிட்டால் பதிவு செய்த குரலைப் பல மொழிகளில் ஒலிக்கவிடலாம். அப்போது தேர்வெழுதி உரிமம் பெற்ற வழிகாட்டியின் வேலைக்கு ஆபத்து வருகிறது. ஒரு சாராரின் தொல்லையைத் தீர்க்கும் விதி வேறொரு சாராரைத் தொடலாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பு: 2014 ஆகஸ்ட் 5 அன்று டைம்ஸ் சதுக்கப் பகுதியில் இரண்டு இரட்டை அடுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் மோதிக்கொண்டன. பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஓட்டுநர்களின் முந்தைய குற்றப் பதிவுகளை உரிமம் வழங்கும் துறை பார்க்கிறதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. வாகனம், ஓட்டுநர், தொழில் ஆகிய மூன்றையும் வெவ்வேறு அலுவலகங்கள் பார்க்கும்போது, ஒன்றின் தகவல் மற்றொன்றுக்குப் போய்ச் சேராவிட்டால் உரிமம் வெறும் காகிதமாகிவிடும்.

எண்ணிக்கை: மேற்கண்டவை யாவும் ஒரு பேருந்து எப்படி ஓட வேண்டும் என்பதைப் பற்றியவை. மொத்தம் எத்தனை ஓடலாம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பேருந்துகளின் மொத்த எண்ணிக்கையை 225-க்குள் வரம்பிடும் முன்வரைவு ஒன்று 2015-ல் நகரவைக்கு வந்தது. ஆனால் அந்த வரம்பு சட்டமாகவில்லை.

நிறுத்தம் என்னும் சொத்து

எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்று குடியிருப்போர் கருதுவது இயல்பு. ஆனால் அதில் உள்ள சிக்கலை நியூயார்க்கின் மற்றொரு நிகழ்வு காட்டுகிறது.

2009-ல் அந்நகரின் இரு பெரிய சுற்றுலாப் பேருந்துச் சேவைகளான கிரே லைன், சிட்டி சைட்ஸ் ஆகியவற்றின் உரிமையாளர்கள் ட்வின் அமெரிக்கா என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தனர். போட்டி போட வேண்டியவர்கள் ஒன்றாகிவிட்டதால் கட்டணம் சுமார் 10 விழுக்காடு உயர்ந்தது என்று கூறி, அமெரிக்க நீதித்துறையும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் 2012 டிசம்பரில் வழக்குத் தொடுத்தனர். 2015 மார்ச்சில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அந்நிறுவனங்கள் 75 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. மேலும், மன்ஹாட்டனில் சிட்டி சைட்ஸ் வைத்திருந்த ஏறத்தாழ 50 நிறுத்தங்களின் அனுமதிகளைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டன.

இதில் பணத்தைவிட நிறுத்தங்களே முக்கியம். புதிதாக ஒருவர் இத்தொழிலுக்கு வர விரும்பினால் பேருந்து வாங்கலாம், ஓட்டுநரை அமர்த்தலாம். புகழ்பெற்ற இடங்களின் அருகே நிற்க இடம் கிடைக்காவிட்டால் தொழில் நடத்த முடியாது. அந்த நிறுத்தமோ யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பொதுமக்களின் நடைபாதை ஓரம். நகரம் அதைச் சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் ஏகபோகம் உருவாகிறது. கேட்பவர்க்கெல்லாம் கொடுத்தால் நடக்கவும் இடமில்லாமல் போகிறது. ஆகவே உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை மறு ஆய்வு செய்வது தேவையாகிறது.

கலிபோர்னியா: அதிகாரம் பிரிந்த இடத்தில் விழும் ஓட்டை

கலிபோர்னியாவில் சுற்றுலாப் பேருந்து நிறுவனங்களுக்கு அனுமதி வழங்குவது நகரம் அன்று. மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம். நகரத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் தெரு மட்டுமே.

சான் பிரான்சிஸ்கோவின் அலமோ சதுக்கத்தில் ‘வண்ணச் சீமாட்டிகள்’ என்று அழைக்கப்படும் 19-ஆம் நூற்றாண்டு மரவீடுகளின் வரிசை உள்ளது. அவற்றைக் காண வந்த பேருந்துகளின் தொல்லை தாங்காமல் சுற்றுவட்டார மக்கள் முறையிட்டனர். 2013-ல் நகரப் போக்குவரத்து முகமை அச்சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் சுற்றுலாப் பேருந்துகளுக்குத் தடை விதித்தது. பூங்காவுக்கு யாரும் நடந்து வரலாம், நகரப் பேருந்தில் வரலாம். சுற்றுலாப் பேருந்து மட்டும் அந்தத் தெருவுக்குள் வரக் கூடாது.

2014 அக்டோபரில் அந்நகரின் மன்றக் கட்டடத்தின் அருகே, சாலையைக் கடந்துகொண்டிருந்த நகர ஊழியரான பெண் ஒருவர் சுற்றுலாப் பேருந்து மோதி இறந்தார். ஓட்டுநரே வழிகாட்டியாகவும் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆபத்தானது என்ற கவலை இதனால் வலுப்பெற்றது. ஓட்டிக்கொண்டே விளக்கம் கூறுவதைத் தடை செய்யும் சட்டத்தை நகரம் அதன்பின் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, 2015 நவம்பரில், யூனியன் சதுக்கத்தில் மற்றொரு திறந்த மேல்தளப் பேருந்து கட்டுப்பாடிழந்து ஓடிப் பலரைக் காயப்படுத்தியது. அந்தப் பேருந்து மாநில ஆணையத்தில் பதிவு செய்யப்படாமலே ஓடியது என்பதும், அதனால் உரிய சோதனைக்கு உட்படவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது எல்லாப் பேருந்துகளையும் போன்ற ஒரு பேருந்துதான்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் குன்றுப் பகுதியிலும், குறுகிய மலைத் தெருக்களில் திரைப்பட நடிகர்களின் வீடுகளைக் காட்டும் வண்டிகள் பற்றிப் புகார்கள் நீண்டகாலம் இருந்தன. 2017-ல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், பாதுகாப்பைக் கருதிச் சில தெருக்களில் இத்தகைய வண்டிகளைத் தடுக்கவும், ஒலிபெருக்கிக்கு மாற்றாக ஹெட்போனைக் கட்டாயமாக்கவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. தெருவின் நிலையை நன்கு அறிந்தது உள்ளூர் நிர்வாகமே என்பதை மாநிலம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

அனுபவம் கூறும் பாடம்

இந்நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘எங்கள் தெருவுக்குச் சுற்றுலாப் பேருந்தே வேண்டாம்’ என்ற பொதுவான எதிர்ப்பு எளிதில் வெல்வதில்லை. தெரு பொதுவழி, தொழில் செய்யவும் பயணம் செய்யவும் பிறருக்கும் உரிமை உண்டு. ஆனால் ‘ஒலிபெருக்கி சன்னலுக்கு நேராக உள்ளது’, ‘இயந்திரத்தை அணைக்காமல் நிற்கிறார்கள்’, ‘ஓட்டுநர் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்’ என்று இடம், நேரம், காரணம் குறித்துச் சொல்லப்பட்ட புகார் ஒவ்வொன்றும் காலப்போக்கில் ஒரு விதியாக மாறியிருக்கிறது. அலமோ சதுக்கத்தில் கிடைத்த முழுத் தடையும் கூட, நகரம் முழுவதற்குமானது அன்று. பெயர் குறித்த சில தெருக்களுக்கு மட்டுமே.

அதே வேளையில், விதி எழுதப்பட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. பதிவு செய்யாத பேருந்து தெருவில் ஓடியதும், இருந்த விதியைக் கண்காணிக்கப் பொதுமக்களின் கைப்பேசி தேவைப்பட்டதும் இதைக் காட்டுகின்றன. உரிமம் என்பது நிறுவனத்திற்கு அளிக்கப்படும் அனுமதி மட்டும் அன்று. அந்தத் தெருவில் வாழ்வோருக்கு நகரம் அளிக்கும் வாக்குறுதியும் ஆகும். நிபந்தனைகள் என்னவென்று குடியிருப்போர் அறிந்திருந்தால்தான், அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும்படி நகரத்தைக் கேட்க முடியும்.