காற்று வில்லும் அதன் மாற்றும்

1994ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டாந் தலைமுறை ரேஞ்ச் றோவர் வண்டியில், உருக்கு வில்லுக்குப் பதிலாக நான்கு சில்லுகளிலும் காற்றடைத்த இறப்பர்ப் பைகளே பாரத்தைத் தாங்கின. காற்றடைக்கும் பொறியொன்று அவற்றுக்குக் காற்றை ஊட்டும். உயரத்தை அளக்கும் கருவிகள் வண்டியை மட்டமாக நிறுத்தும்.

இறப்பருக்கும் மூப்புண்டு. பை மடியுமிடத்தில் வெடிப்புத் தோன்றக் காற்றுக் கசியும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்பதே முதல் அறிகுறி. சவர்க்கார நீரைத் தடவினால் எழும் குமிழி கசிவிடத்தைக் காட்டிக் கொடுக்கும். கவனியாது விட்டால், இழந்த காற்றை ஈடுசெய்ய ஓயாது உழைத்துப் பொறியும் பழுதடையும்.

மாற்றுவதாயின் எதனை வாங்குவது? வண்டி நிறுவனத்தின் முத்திரையுள்ள பை விலை கூடியது. பிறர் செய்தது மலிவானது. வேறுபாடோ கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கின்றது. இறப்பரின் கலவையும், அதனுள் பொதிந்த நூலிழைகளுமே பையின் ஆயுளை நிர்ணயிப்பன. அவை தரங்குறைந்தால் மலிவுப் பையை மீண்டும் வாங்க நேரிடும், கூலியும் இருமுறையாகும்.

எனினும், முத்திரைக்கு மட்டும் பணம் கொடுத்தல் வேண்டா. வண்டிக்கு முதலிற் பை செய்துகொடுத்த நிறுவனமே தன் பெயரில் விற்பதாயின், அதுவும் அசலுக்கு நிகரானதே. மாறாக, அசலேயாயினும் நெடுங்காலம் களஞ்சியத்திற் கிடந்தது மூப்படைந்ததே. ஆகையால், செய்த ஆண்டைப் பார்த்து வாங்குதலும், ஓர் அச்சின் இரு பைகளையும் சேர்த்து மாற்றுதலும் நன்று. காற்றை வெளியேற்றுமுன் வண்டியின் சட்டத்துக்கு உறுதியான முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது. காற்றிழந்த வண்டி கீழே இருப்பவர்மேல் இறங்கிவிடும்.