நெடுமகள்

நெடுமை என்பது தமிழிற் பெருமைச் சொல். நெடுஞ்செழியன், நெடுஞ்சேரலாதன், நெடுமான் அஞ்சி என்று மன்னர் பெயர்களிலே அது முடிபோல அமர்ந்திருக்கிறது. திருமாலுக்கு நெடியோன் என்றே பெயர். வீரனை நெடுந்தகை என்று புகழ்வது புலவர் மரபு. பெண்ணைப் பாட வரும்போது அகப்பாடல்கள் வேறொரு சொல்லை எடுக்கின்றன. அவள் குறுமகள். அச்சொல் இளமையைக் குறித்ததேயன்றி உயரத்தைக் குறித்ததன்று என்று வாதிடலாம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ஊர்வாய் உரைகேட்டுப் பேசுவதில்லை. உயர்ந்த ஆண்மகனைக் கண்டால் வாட்டசாட்டம் என்னும். உயர்ந்த பெண்ணைக் கண்டால் பனை என்னும்.

ஊரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. 2006ஆம் ஆண்டு, பரந்தனிலே ஒரு பாடசாலையிற் பத்தாந் தரத்துக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலே ஒரு மாணவி. வகுப்பிலே எல்லாரினும் உயரம்; வலைப்பந்தாட்ட அணியிற் கோல் போடுபவளும் அவளே. பத்துப்பாட்டின் பெயர்களை ஒப்புவிக்கும்படி ஒருநாள் அவளைக் கேட்டேன். ஏழாவதாக வரும் நெடுநல்வாடையில் நின்றுவிட்டாள். “உன்னுடைய பெயரையே மறந்துவிட்டாயோ?” என்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிலேடை நன்றாக வாய்த்ததென்று எனக்கும் மகிழ்ச்சி. அன்று தொடக்கம் பாடசாலை முழுவதும் அவளுக்கு அதுவே பெயராயிற்று. கூனிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அடுத்த மாதமே அணியை விட்டு விலகினாள்.

பின்னர் யுத்தம் எல்லாரையும் வாரிக்கொண்டு போயிற்று. 2009இல் நாங்கள் செட்டிகுளத்து முகாமிலே தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அதே ஆண்டிலே மலேசியாவில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியில் இலங்கை வெற்றிவாகை சூடியது. அந்த அணியிலே யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அவருடைய உயரம் 208 சதமமீற்றர்; அதாவது ஆறடி பத்தங்குலம்.

விளையாட்டை அறியாத இலக்கிய அன்பர்களுக்கு இரண்டொரு சொல். ஓர் அணிக்கு எழுவர். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் ஆகாது. வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். கூடைப்பந்திற்போலப் பந்து பட்டுத் திரும்புவதற்குப் பின்பலகை இல்லை. எழுவரில் இருவரே கோல் போடலாம். அதுவும் அரைவட்டத்துக்குள் நின்றே போடல்வேண்டும்.

“அந்த உயரம் இருந்தால் யாருந்தான் போடுவார்” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். யாரும் போடுவதில்லை. எதிரணியார் நெருக்க, தலைக்கு மேலே வரும் பந்தைப் பிடித்து, கால் வழுவாமல் நின்று, மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். நெடிய உடம்பைத் திடீரென நிறுத்துதல் எளிதன்று. பிறர் கைக்கு எட்டாமல் அவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்திலே பந்தைக் கொடுக்கத் தோழியரும் பழகியாக வேண்டும். அத்தோழியரிற் பெரும்பாலார் சிங்களம் பேசுபவர்கள்.

2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியிலே மிகச் சிறந்த கோல் போடுபவர் என்னும் விருது தர்ஜினிக்குக் கிடைத்தது. பின்னர் அவுஸ்திரேலியா சென்று மெல்பேண் நகரிலே கழக ஆட்டம் ஆடினார். 2018இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கை மீண்டும் வென்றபோது, இடையில் ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணம். அங்கே எல்லா நாட்டாரினும் மிகுதியாகக் கோல் போட்டவர் தர்ஜினி: 348. அவருடைய அணியோ பதினாறு நாடுகளுள் பதினைந்தாவது. ஒருத்தி எத்தனை கோல் போட்டாலும், மறு அந்தத்தில் எதிரி போடுவதை அவள் சென்று தடுக்க முடியாது. ஆட்டவிதி அவளை அங்கே போகவிடாது. இதைப் பெருமை என்பதா, துயரம் என்பதா? இரண்டும் என்றே எனக்குப் படுகிறது.

2022 செப்டெம்பர் 11ஆந் திகதி சிங்கப்பூரை 63க்கு 53 என வென்று ஆறாவது முறையாக இலங்கை ஆசியக் கிண்ணம் பெற்றது. தர்ஜினி அன்றும் ஆடினார். அதே நாளில் துபாயிலே துடுப்பாட்ட அணியும் வென்றமையால் எங்கள் சந்தியிலே துடுப்பாட்டப் பேச்சே பெரிதாயிருந்தது.

அந்தக் கிழமைதான் பரந்தன் சந்தியில், முல்லைத்தீவு வீதி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, ஒரு பெண் வந்து, “ஐயா, என்னைத் தெரியுதோ?” என்றாள். தோள் இன்னும் சற்றே கூனியிருந்தது. பெயரைச் சொன்னேன்.

“மற்றப் பெயரை மறந்திட்டீங்களோ ஐயா?” என்று சிரித்தாள். என்னாற் சிரிக்க முடியவில்லை.

“அது என்ரை பிழை, பிள்ளை” என்றேன். பதினாறு ஆண்டுகள் பிந்திய சொல். அவள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மகளைக் காட்டி, “வகுப்பிலை இவள்தான் ஐயா உயரம். தர்ஜினியின்ரை படத்தைப் போனிலை வைச்சிருக்கிறாள். விளையாட ஆசை, இவளின்ரை பள்ளிக்கூடத்திலை வளையந்தான் இல்லை” என்றாள்.

மறுநாள் சந்தியில் இரும்பு ஒட்டுவேலை செய்பவரிடம் சென்று கம்பமும் வளையமும் செய்யச் சொல்லி, 3.05 மீற்றர் என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் நாடாவை நீட்டி அளந்து பார்த்தார். “பெட்டைப் பிள்ளையளுக்கு இவ்வளவு உயரம் வேணுமோ ஐயா?” என்றார்.

வேணும் என்றேன்.