பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்! மணிக்கூட்டுக்குள் இத்தனை மாயமா?

மட்டக்களப்பு வாவியின் அதிகூடிய ஆழம் எவ்வளவு தெரியுமா? வெறும் 4 மீற்றர்! நீளம் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. ஆழமோ இரண்டு ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும். அப்படியிருக்க, ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 எம்’ என்று பொறித்த புது மணிக்கூட்டோடு அதில் ஒரு முழுக்குப் போட்டால், கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து முள் நின்றுவிடுவது ஏன்?

ஏனென்றால் அந்த 30 நீங்கள் இறங்கக்கூடிய ஆழமே இல்லை! ஆய்வுகூடத்தில், அசையாமல் வைத்த புத்தம்புதிய மணிக்கூடு தாங்கிய அழுத்தத்தின் அளவு அது. நம் கைக்கு வந்தபின் வெயிலும் வியர்வையும் சவர்க்காரமும் உள்ளேயிருக்கும் றப்பர் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுகி வெடிக்க வைத்துவிடும். ஆகவே 30 எம் என்றால் முகம் கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். 50 எம் கொஞ்ச நேர நீச்சலுக்கு. தோணியில் போய்வருகிறவருக்கும் பாசிக்குடாவில் மணிக்கணக்கில் கிடப்பவருக்கும் 100 எம் வேண்டும்.

சுழியோடுகிறவருக்கு? அங்கேதான் ‘டைவர்ஸ்’ என்ற சொல் வருகிறது. ஐஎஸ்ஓ 6425 என்ற தரத்தின்படி, அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளும் மணிக்கூடு ஒவ்வொன்றையும் தனித்தனியே அழுத்திப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக! மற்றவற்றுக்கு நூற்றில் சிலதை எடுத்துச் சோதித்தாலே போதும். நம் கரைக்கு வெளியே கடலடியில் கிடக்கிறதே ஹேர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது, அது சுமார் 53 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் 100 எம் போதும்போலத் தோன்றும். ஆனாலும் அங்கே இறங்குகிறவர் கையில் ‘டைவர்ஸ் 200 எம்’ என்று எழுதியிருப்பதே பொருத்தம்.

இப்போது மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருக்கிறதா? ஆகா, முழுக்க உருக்கு என்று மகிழாதீர்கள்! அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு வாசிப்பதால்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். உருக்கானது பின்மூடி மட்டும். உடல் பித்தளையோ துத்தநாகக் கலவையோ. மேலே மினுக்குப் பூச்சு. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்த நம் ஊரில் முதலில் பட்டி பூட்டும் காதுகளின் உட்பக்கம் மங்கும். பிறகு மஞ்சள் எட்டிப்பார்க்கும். பிறகு பச்சைக் களிம்பு, கூடவே மணிக்கட்டில் சொறி. ‘பேக்’ என்ற சொல் இல்லாமல் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றோ ‘316 எல்’ என்றோ போட்டிருந்தால் துணிந்து வாங்கலாம். ‘யப்பான் மூவ்மென்ட்’ என்பதும் இதே கதைதான்: உள் இயந்திரம் யப்பான், மிச்சம் எங்கிருந்தும் வந்திருக்கலாம். முகப்பின் அடியில் ‘சுவிஸ் மேட்’ என்று போட வேண்டுமென்றால் 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது சுவிஸில் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் மீதி 40?

கல்லடிக் கடற்கரை மணல் உங்கள் மணிக்கூட்டுக் கண்ணாடியைவிடக் கடினமானது, தெரியுமா? மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு மோஸ் அளவில் 7. ‘மினரல்’ கண்ணாடி அதற்குக் கீழே. ஒரு தேய்ப்பு, ஒரு கீறல்! ‘சஃபயர்’ என்று எழுதியிருந்தால் அது 9. மணல் தோற்றுப்போகும், வைரம்தான் வெல்லும். சஃபயர் என்றதும் இரத்தினபுரி நீலக்கல்லைச் சீவி ஒட்டியிருப்பார்களோ என்று நினைக்க வேண்டாம். பொருள் அதே அலுமினிய ஒட்சைட்டுத்தான், விளைவது உலையில். அதே பொருளான செயற்கை மாணிக்கத்தை நெருப்பில் வளர்க்கும் வழியை 1902இல் உலகுக்குச் சொன்னவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னுயி.

அதே மாணிக்கம்தான் ‘17 ஜுவல்ஸ்’, ‘21 ஜுவல்ஸ்’ என்று உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. அழகுக்கல்ல, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல. கல் கூடினால் மணிக்கூடு நல்லதா? அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு வால்தம் என்ற பெயரில் 100 கல் மணிக்கூடு ஒன்று வந்தது! 17 கல் உழைக்கும். 83 கல், தானே சாவி கொடுக்கும் சுழலியைச் சுற்றிச் சும்மா குந்தியிருக்கும்! உழைக்காத கல்லைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 1974இல் சர்வதேசத் தரமே எழுதவேண்டி வந்தது.

மீன் பாடும் மட்டக்களப்பில் பாடும் மணிக்கூட்டைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்ட அந்த நாதம், லாங் என்ற அடிகளாரின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலியிலேயே ஒலித்தது. 1960இல் அமெரிக்காவில் புலோவா நிறுவனம் ‘அக்கியூட்ரான்’ என்றொரு மணிக்கூட்டை விட்டது. டிக் டிக் இல்லை, ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம்! உள்ளே ஒரு இசைக்கவை செக்கனுக்கு 360 தடவை அதிர்ந்துகொண்டிருந்தது. இன்று நீங்கள் வாங்கும் மலிவு ‘குவார்ட்ஸ்’ மணிக்கூட்டிலும் அரிசிமணி போன்ற ஒரு படிகக் கவை செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. நம் காதுக்கு எட்டாத சுருதி. ஏன் அந்த விசித்திர எண்? 15 தடவை பாதி பாதியாக்கிப் பாருங்கள், சரியாக 1 வரும். அந்த ஒன்றுதான் ஒரு செக்கன்! 1969 டிசம்பர் 25இல் சீக்கோ விட்ட முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூடு ‘அஸ்ட்ரான்’ 4,50,000 யென், ஏறக்குறைய ஒரு சிறிய காரின் விலை. இப்போது? சந்தைக்குப் போகும் காசுக்கே கிடைக்கிறது. நேரம் பிசகாமல் இருப்பதில், கை அசைவில் தானே சாவி கொடுத்துக்கொள்ளும், ஆயிரம் மடங்கு விலையுள்ள ‘ஒட்டோமெற்றிக்’கை அது அலட்சியமாகத் தோற்கடிக்கும். குவார்ட்ஸ் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கன் பிசகினாலே அதிகம். ஒட்டோமெற்றிக் ஒரே நாளில் அவ்வளவு பிசகும்! நேரம்தான் வேண்டுமென்றால் எதை வாங்குவது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

முகப்பில் காணும் ‘குரோனோகிராஃப்’ வேறு, ‘குரோனோமீற்றர்’ வேறு. முன்னது ஓட்டப்போட்டிக்கு நேரம் பிடிக்கும் பொத்தான்கள் உள்ளது. பின்னது துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்றது. கடைக்காரர் இரண்டும் ஒன்று என்றால் தலையாட்டாதீர்கள். விளிம்பில் 60, 80, 120 என்று எண்கள் இருந்தால் அது ‘டக்கிமீற்றர்’: ஒரு கிலோமீற்றர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்துங்கள், 45 செக்கன் என்றால் முள் 80இல் நிற்கும், அதுவே உங்கள் வேகம். பின் இருக்கையில் இருப்பவர் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட வியப்பு ‘ஜிஎம்டி’ மணிக்கூடு! 1950களில் பான் ஆம் விமானிகளுக்காக ரோலெக்ஸ் செய்தது. மேலதிகமான ஒரு மணி முள், இன்னொரு நாட்டு நேரத்தைக் காட்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடத் தோதானது உண்டா? உண்டு ஒரு சிக்கல். இரண்டு நாட்டுக்கும் நிமிட முள் ஒன்றுதான். நாமோ கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியவர்கள். மட்டக்களப்பில் மாலை 6.00 என்றால் குளிர்காலத்து லண்டனில் பகல் 12.30. மணிக்கூடு 12.00 என்று அடித்துச் சொல்லும். அரை மணியை மனதுக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த மணிக்கூடு இங்கே அச்சொட்டாகச் சரி காட்டியிருக்கக்கூடிய ஒரு காலமும் இருந்தது! 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசு நேரத்தை ஒரு மணி முன்தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து 2006 ஏப்ரல் 15 வரை நாடு கிறீன்விச்சுக்குச் சரியாக ஆறு மணி முந்தி. நாடு முழுவதுமா? இல்லையே! விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை. வாவிக்கு இப்பால் எழுவான்கரையில் ஒரு நேரம், அப்பால் புலிகளின் படுவான்கரையில் இன்னொரு நேரம். அன்று மண்முனையில் ‘பாதை’ என்ற படகில் ஏறி, கால்மணியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கினால் புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்! திரும்பி வரும்போது அந்த அரை மணியை வட்டியோடு கட்ட வேண்டியிருந்திருக்கும். சாதாரண ஜிஎம்டி மணிக்கூடு எதற்கும் காட்டத் தெரியாத நேர எல்லை, நாலு மீற்றர் நீருக்கு மேல்!

‘மூன்ஃபேஸ்’ என்றால் முகப்பில் வளர்ந்து தேயும் நிலா. மற்ற ஊரில் அது அலங்காரம். பௌர்ணமிப் போயாவுக்கு விடுமுறை விடும் நாட்டில் பிரயோசனமான சாமான். சாதாரண வகையின் சக்கரத்தில் 59 பல், இரண்டு நிலா, ஆக ஒரு மாதத்துக்கு 29½ நாள். ஆனால் உண்மை நிலவு 29 நாள் 12 மணி 44 நிமிடம் எடுக்கிறது. மாதம் 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து, இரண்டே முக்கால் வருடத்துக்குள் மணிக்கூட்டு நிலா ஒரு நாள் தப்பிவிடும். ஒரு போயாவன்று நிலாவைத் திருத்தி வைத்தால் சரி. 135 பல் வைத்த உயர் வகையோ 122 வருடத்துக்கு ஒரு நாள்தான் தப்பும். அதன் விலையோ மிக அதிகம்; 59 பல்லே போதும்.