இணையவழிக் கல்வியும் இயந்திர ஆசானும்

கற்பித்தல் இரு பணிகளை உள்ளடக்கியது. அறிவை மாணவரிடம் கொண்டுசேர்ப்பது ஒன்று. அவர் அதனை விளங்கிக்கொண்டாரா எனக் கண்டறிந்து, இடறும் இடத்தில் வழிகாட்டுவது மற்றொன்று. கடந்த கால் நூற்றாண்டில் இணையவழிக் கல்வி முதலாவது பணியில் பெரும் வெற்றி கண்டது. இரண்டாவதில் அது தடுமாறியது. அந்த இரண்டாவது பணியையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியே இன்று நடைபெறுகின்றது. அம்முயற்சி கற்றலை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தனது பாடக்குறிப்புகளையும் பயிற்சிகளையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் இணையத்தில் வெளியிடப்போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளின் பின்னர், 2011இல், செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையவழியே உலகுக்குத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். எனினும் இறுதிவரை கற்று முடித்தோர் 20,000த்தைச் சற்றே தாண்டிய தொகையினரே. ஒரு விரிவுரையை இலட்சக்கணக்கானோருக்கு அனுப்பிவிடலாம். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் எழும் ஐயத்தை ஓர் ஆசிரியரால் தீர்த்துவைக்க இயலாது என்பதை இது உணர்த்தியது.

தனித்துக் கற்பித்தலின் ஆற்றலைக் கல்வியியலாளர் முன்னரே அறிந்திருந்தனர். ஆசிரியர் ஒருவரிடம் தனியாகப் பயின்ற சராசரி மாணவர், வழமையான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என 1984இல் பெஞ்சமின் புளூம் எழுதினார். பிற்கால ஆய்வுகள் இப்பயனை இதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டுள்ளன. ஆயினும் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆசிரியரை நியமிப்பதற்கான செலவே தடையாக நின்றது.

இத்தடையைக் கடக்கும் முயற்சிகளுள் ஒன்று 2016இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்தது. அங்கு பேராசிரியர் அசோக் கோயல் நடத்திய இணையவழிப் பாடத்தில் சுமார் 300 மாணவர்கள் பயின்றனர். ஒரு பருவத்தில் அவர்களிடமிருந்து ஏறத்தாழ 10,000 செய்திகள் வந்து குவிந்தன. அவற்றுக்கு விடையளித்த துணை ஆசிரியர்களுள் ‘ஜில் வாட்சன்’ என்ற பெயருடையவர் ஒரு கணினி நிரல் என்பதை மாணவர்கள் பருவத்தின் இறுதியிலேயே அறிந்துகொண்டனர். இங்கு கவனிக்கத்தக்க விடயம் ஒன்றுண்டு. விடை சரியானது என்பதில் 97 விழுக்காடு உறுதி இருந்தாலன்றி அந்நிரல் பதிலளிக்காதவாறு அமைக்கப்பட்டிருந்தது.

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி இந்நிலையை மாற்றியது. எத்துறை வினாவுக்கும் அது சரளமாக விடை கூறியது. தவறான விடையையும் அதே சரளத்துடன் கூறியது. 2023 மார்ச் மாதம் கான் அகாடமி இதே தொழில்நுட்பத்தைக் கொண்டு ‘கான்மிகோ’ என்ற துணை ஆசானை அறிமுகம் செய்தது. விடையை நேராகக் கூறாமல், மாணவரிடம் வினாக்களைத் தொடுத்து அவரையே விடைக்கு இட்டுச்செல்வதே அதன் நோக்கமாகும்.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதைத் துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடையே நடத்தப்பட்ட கணிதப் பரிசோதனை காட்டுகின்றது. 2025இல் ஆய்விதழில் வெளியான அதன் முடிவுகள் சிந்தனைக்குரியவை. ஒரு பிரிவினருக்குச் சாதாரண உரையாடல் கருவி வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளுடன், விடையை வெளியிடாமல் வழிகாட்டும் கருவி வழங்கப்பட்டது. பயிற்சியின்போது முதற்பிரிவினரின் பெறுபேறு 48 விழுக்காடும், இரண்டாம் பிரிவினரின் பெறுபேறு 127 விழுக்காடும் உயர்ந்தன. பின்னர் கருவியின்றித் தேர்வு நடைபெற்றது. அப்போது முதற்பிரிவினர், கருவியை ஒருபோதும் பயன்படுத்தாத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். இரண்டாம் பிரிவினரிடம் இப்பாதிப்பு பெரும்பாலும் காணப்படவில்லை. எனினும் அவர்கள் முன்னேறிவிடவுமில்லை. தாம் குறைவாகவே கற்றுள்ளோம் என்பதை முதற்பிரிவினர் உணராதிருந்தனர் என்பது மேலும் கவலை தருவதாகும்.

மதிப்பீட்டு முறையும் இதனால் நெருக்கடிக்குள்ளாகியுள்ளது. இயந்திரம் எழுதியதைக் கண்டறிவதற்கென ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, துல்லியக் குறைவு காரணமாக அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய ஏழு கருவிகளை 2023இல் சோதித்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளுள் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் ஆக்கம் எனப் பிழையாகக் கருதியதைக் கண்டனர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று, இணையவழியே பட்டம் பெற முனையும் நம் இளைஞர்களும் இவ்வநீதிக்கு ஆளாகக்கூடும். எனவே இக்கருவிகளின் தீர்ப்பை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எந்த மாணவரையும் குற்றவாளியாக்குவது பொருந்தாது. எழுதியவரை அழைத்து, எழுதியது குறித்து நேரில் உரையாடும் வாய்மொழித் தேர்வே இதனினும் நம்பத்தக்கது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. ஐயம் தீர்க்கும் துணையை இயந்திரத்தால் இப்போது குறைந்த செலவில் வழங்க முடிகின்றது. ஆனால் விளங்கிக்கொள்வதற்காக மாணவர் மேற்கொள்ளவேண்டிய உழைப்பை அது தானே செய்துவிடுமாயின், கற்றல் நிகழ்வதில்லை. எவ்விடத்தில் உதவுவது, எவ்விடத்தில் விடையைத் தராது மாணவரைச் சிந்திக்கவிடுவது என்பதை அனுபவமிக்க ஆசிரியரே அறிவார். ஆகவே ஒரு கருவியைத் தெரிவுசெய்யும் கல்வி நிலையங்களும் பெற்றோரும், அது எத்தனை வினாக்களுக்கு விடை கூறுகின்றது என்பதைவிட, அது இல்லாதபோது மாணவரால் எத்தனை வினாக்களுக்கு விடை கூற முடிகின்றது என்பதையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.