ஆரணியில் குறி தவறிய ஈயக் குண்டுகள்

பட்டுக்குப் பேர்போன ஆரணி, 18ஆம் நூற்றாண்டில் போர்க்களமாகவும் இருந்தது. 1751 இறுதியில் ராபர்ட் கிளைவும் ராசா சாகிப்பும் இங்கே மோதினார்கள். 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும். இரண்டு சண்டையிலும் சிப்பாய்கள் சுட்டது ஈய உருண்டைகளை. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவன் மேல் அது பட்டால், அது அவனுடைய கெட்ட நேரம்தான்.

ஆங்கிலேயரின் மஸ்கட் துப்பாக்கிக் குழல் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலம், குண்டோ 17.5 மில்லிமீட்டர்தான். வெடிமருந்துக் கரி படிந்த குழலிலும் சட்டென்று இறங்கவேண்டும் என்றே அப்படி வார்த்தார்கள். அந்த இடைவெளியில் குண்டு குழலின் சுவரில் இடித்து இடித்து வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ, அதற்கேற்ற சுழற்சியோடு பறக்கும். சுழற்சிக்கேற்பக் காற்று அதை ஒதுக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் முதல் ஆரணிப் போருக்குச் சில மாதம் முன்புவரை நம் பக்கத்தில்தான் இருந்தார். பெஞ்சமின் ராபின்ஸ், ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் பீரங்கி இயல் பற்றி அவர் எழுதிய நூலைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் பெயர்த்து விளக்கம் எழுதினார். தொங்கவிட்ட கனமான கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை ஆடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். இன்னொரு சோதனை அதைவிட அழகு: துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பிவிட்டது! நூறு ஆண்டு கழித்து ஆராய்ந்த இயற்பியலாளர் மாக்னஸின் பெயரால் இன்று இந்த விளைவை அழைக்கிறோம். ராபின்ஸுக்கு இது அநியாயம்.

அவர் சொன்ன தீர்வு, குழலுக்குள் திருகுப் புரி வெட்டுவது. பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும் குண்டு, பம்பரம்போல் நிலைகுலையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்த வந்த ராபின்ஸ், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆரணிப் போர். படையினர் கையில் அதே பழைய மஸ்கட்.

புரித் துப்பாக்கி அப்போதே இருந்தது. ஆனால் குண்டை இறுக்கி இடிக்க நேரமாகும், படைக்கு ஆகாது. 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே அந்தச் சிக்கலை அவிழ்த்தார். அவருடைய குண்டு கூர்முனையும் குழிந்த அடியும் கொண்டது. தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் மெத்தென்ற ஈயம் விரிந்து புரியைக் கவ்விக்கொள்ளும். 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கி இந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவில் இன்றும் பலர் வீட்டிலேயே குண்டு வார்க்கிறார்கள். குறி திருந்த அவர்கள் பார்ப்பதெல்லாம் ராபின்ஸின் இயற்பியல்தான். 327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயம் உறையும்போது சுருங்கும். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் எடையின் மையம் விலகி, குண்டு தள்ளாடும். எனவே ஒவ்வொன்றையும் நிறுத்து, எடை குறைந்ததை மறுபடி உருக்குவார்கள். வேகம் கூடினால் வெறும் ஈயம் குழலில் அப்பும். அதனால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டியாக்குகிறார்கள்.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, ஈயம் உடம்பில் சேர்வதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த அமெரிக்காவே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சிதறுகுண்டுகளை 1991இல் தடை செய்துவிட்டது.