பழுதடைந்த நுரையீரலை மாற்ற இயலுமா?

ஜார்ஜ் டவுன், டத்தோ கிராமாட் வட்டார மக்களுக்கு அருகிலுள்ள பினாங்கு பெரியாஸ்பத்திரி நன்கு பழக்கமான இடம். கோவிட் பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் உறவினரை அங்கே சேர்த்துவிட்டுச் செய்திக்காகக் காத்திருந்தோர் பலர். சுவாசக் கருவியில் வாரக்கணக்கில் கிடந்தும் தேறாதவருக்கு வேறு நுரையீரல் பொருத்த இயலாதா என்னும் வினா அந்நாளில் எழுந்தது இயல்பே.

இயலும். 2020 ஆகஸ்ட் 27-ஆம் நாள் சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் டாக்டர் கே. ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர், கோவிட் நோயால் நுரையீரல் பழுதடைந்த ஒருவருக்கு இரு நுரையீரல்களையும் மாற்றிப் பொருத்தினர். வட இந்தியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட அவர், ஒரு மாத காலம் ‘எக்மோ’ கருவியின் துணையால் உயிர் தரித்திருந்தார். இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, பிராணவாயு கலந்து மீண்டும் உட்செலுத்துவது அக்கருவியின் பணி.

கிருமி அகன்ற பின்னரும் சிலருடைய நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய உறுப்பு விறைத்துப் போகிறது. ஆயினும் டாக்டர்கள் உடனே கத்தியை எடுப்பதில்லை. தானாகவே தேறுவோரும் உண்டாதலால், குறைந்தது நான்கு வாரங்களேனும் பொறுத்துப் பார்க்கின்றனர். பிற உறுப்புகள் நல்ல நிலையில் இருப்பதும் அவசியம்.

பலன் எப்படி? அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் முதல் 2021 செப்டம்பர் வரை கோவிட் காரணமாக 214 பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. மூன்று மாதங்களுக்குப் பின் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உயிருடன் இருந்தனர். மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கணக்கு இது என்பதை மறத்தலாகாது. பொதுவாக நுரையீரல் மாற்றிக்கொண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே ஆறு ஆண்டுகளைக் கடக்கின்றனர். புதிய உறுப்பை உடல் அந்நியமெனத் தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்தோ நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது.

நம் நாட்டில் தேசிய இருதயக் கழகம் 2005-ஆம் ஆண்டிலேயே நுரையீரல் மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியது. திறமைக்குக் குறைவில்லை, உறுப்பு வழங்குவோரே குறைவு. மூளைச் சாவு அடைந்தவரின் நுரையீரலைச் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். வழங்க விரும்புவோர் மைசெஜாத்ரா செயலி வாயிலாக உறுதிமொழி பதிந்து கொள்ளலாம். பதிந்திருப்பினும், அந்நேரத்தில் மருத்துவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்பர். எனவே பதிந்தோர் அதனை வீட்டிலுள்ளோரிடம் முன்னதாகவே கூறிவைத்தல் வேண்டும்.